கணினித் துறைக்கு மாறுவோர் கவனத்திற்கு: பயிற்சியைத் தேடுமுன் வேலையைத் தேடுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காகச் சற்று விரிவாக்கித் தரப்படுகிறது)



நடுத்தர வயதில் கணினித் துறைக்கு மாறலாமா? மாறுவதென்றால் எந்தப் பயிற்சியில் சேருவது? இதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்தவர் கேட்கிறார். அது வந்துவிடுமோ என்று அஞ்சுபவர் கேட்கிறார். பிள்ளைகளை வளர்ப்பதற்காக ஏழெட்டு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு மீண்டும் வேலைக்குப் போக நினைக்கும் தாய் கேட்கிறார். இவர்கள் தவறான பயிற்சியில் சேர்ந்துவிட்டால் கட்டணத்தோடு ஆறு மாதமோ ஓராண்டோ சேர்ந்து போய்விடும். வீட்டுக் கடனும் பிள்ளையின் துணைப்பாடக் கட்டணமும் அந்த ஓராண்டு முடியட்டும் என்று காத்திருப்பதில்லை.

ஆகவே, என் உரையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலரும் பயிற்சி நிலையத்தை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். படித்து முடித்த பிறகு வேலையைத் தேடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். எந்த வேலை, எந்த நிறுவனங்களில், எவ்வளவு சம்பளத்தில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்த வேலையிலிருந்து பின்னோக்கி வந்து, அதற்கு வேண்டிய பயிற்சி எது என்று முடிவு செய்யுங்கள்.

பூட்கேம்ப் என்பது என்ன?

பூட்கேம்ப் என்பது ராணுவத்திலிருந்து வந்த சொல். நம் வீட்டுப் பிள்ளைகள் தேசிய சேவையில் சேர்ந்தவுடன் புலாவ் தெக்கோங்கில் பெறும் அடிப்படை ராணுவப் பயிற்சியை நினைத்துக்கொள்ளுங்கள். குறுகிய காலம், கடும் பயிற்சி, முடித்ததும் அடிப்படைத் திறன் கைக்கு வரும். கணினித் துறையிலும் அப்படித்தான். இரண்டு மூன்று ஆண்டு பட்டயக் கல்விக்குப் பதிலாக, மூன்று முதல் ஆறு மாதங்களில் ஒரு வேலைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துத் தீவிரமாகக் கற்பிக்கிறார்கள். மென்பொருள் எழுதுதல், தரவுப் பகுப்பாய்வு, இணையப் பாதுகாப்பு, கிளவுட் சேவைகள், செயலி வடிவமைப்பு ஆகியவை வழக்கமான பாடங்கள்.

அடிப்படைப் பயிற்சி முடித்து வரும் பிள்ளையை யாரும் தளபதி என்று சொல்வதில்லை. அவன் படையில் சேரத் தயாராகிவிட்டான், அவ்வளவுதான். பூட்கேம்ப் முடித்தவரும் அந்த நிலையில்தான் இருக்கிறார். இதை மறந்துவிட்டு, நான்கு மாதத்தில் பொறியாளர் ஆகிவிடலாம் என்ற எண்ணத்தோடு போவோர்தான் பின்னால் மனம் உடைகிறார்கள்.

இந்த வகைப் பயிற்சியின் முன்னோடிகளில் ஒன்று, 2012-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப். அப்போது மென்பொருள் எழுதுவோருக்குக் கடும் பற்றாக்குறை இருந்தது. சில மாதம் படித்தவரையும் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. உலகெங்கும் இத்தகைய நிலையங்கள் முளைத்தன. ஆனால் அந்த டெவ் பூட்கேம்ப் 2017-இல் மூடப்பட்டது. தி அயர்ன் யார்ட் என்னும் மற்றொரு பெரிய நிலையமும் அதே ஆண்டில் மூடியது. பெரிய பல்கலைக்கழகங்களின் பெயரில் பூட்கேம்ப் நடத்திவந்த டூயூ நிறுவனம், அத்தொழிலைக் கைவிடுவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. பெரிய பெயரும் அழகான வகுப்பறையும் உத்தரவாதம் ஆகா என்பதற்கு இவை போதும்.

சந்தையும் மாறியிருக்கிறது. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. 2023 ஜூனில் கிராப் நிறுவனம் 1,000 பேரைக் குறைத்தது. இப்படி வெளியே வந்த அனுபவசாலிகளும் வேலைச் சந்தையில் நிற்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, புதியவர்களிடம் கொடுத்துவந்த எளிய நிரல் எழுதும் வேலைகளில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவே செய்துவிடுகிறது. ஆக, கணினி கற்றால் வேலை நிச்சயம் என்ற பழைய வாக்குறுதியை இன்று யாரும் நேர்மையாகத் தர முடியாது. அதற்காக வாய்ப்பே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. வங்கி, மருத்துவமனை, துறைமுகம், தளவாடம், கட்டுமானம் என எல்லாத் துறைகளும் கணினியை நம்பித்தான் இயங்குகின்றன. அங்கே தொழிலும் தெரிந்து, கணினியும் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

முப்பது விளம்பரங்கள், ஒரு நோட்டுப் புத்தகம்

வேலையிலிருந்து பின்னோக்கி வருவது எப்படி? செலவில்லாத ஒரு வழியைச் சொல்கிறேன்.

மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்துக்குச் செல்லுங்கள். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வேலைக்கான விளம்பரங்களில் முப்பதைப் படியுங்கள். அந்தத் தளத்தில் சம்பள வரம்பையும் போடுகிறார்கள் என்பது நமக்கு வசதி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்தி போடுங்கள். என்ன திறன் கேட்கிறார்கள், எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள், என்ன சான்றிதழ் கேட்கிறார்கள், சம்பளம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளில் முடிந்துவிடும்.

முப்பதில் இருபத்தைந்து விளம்பரங்கள் மூன்றாண்டு அனுபவம் கேட்டால், அந்தக் கதவு பூட்கேம்ப் சான்றிதழால் மட்டும் திறக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி நிலையம் கற்றுத்தரும் மென்பொருள் முப்பதில் இரண்டு விளம்பரங்களில் மட்டுமே வந்தால், அந்தப் பாடத்திட்டம் பழையது அல்லது உங்கள் இலக்குக்குப் பொருந்தாதது. முப்பதில் இருபது விளம்பரங்கள் ஒரே இரண்டு திறன்களைக் கேட்டால், நீங்கள் கற்க வேண்டியது எது என்பது தெளிவாகிவிடும். எந்தப் பயிற்சி நிலையத்தின் கையேடும் தராத தகவல் இது.

இதைச் செய்யும்போது உங்கள் பழைய தொழிலை ஒதுக்கிவைக்காதீர்கள். சில உதாரணங்களைப் பார்ப்போம். கணக்குப் பிரிவில் பதினைந்து ஆண்டு வேலை செய்தவருக்கு எக்செல் கைவந்த கலையாக இருக்கும். அவர் எஸ்கியூஎல், பவர் பிஐ ஆகிய இரண்டையும் கற்றுக்கொண்டால், நிதிப் பிரிவில் தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிக்கு எஸ்கியூஎல் தெரிந்திருக்கலாம். ஆனால் மாதக் கடைசியில் கணக்கு ஏன் இடிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தவர், கிடங்கு நிர்வாக மென்பொருளை நிறுவிப் பரிசோதிக்கும் குழுவில் சேர முயலலாம். தாதியாகப் பணியாற்றியவருக்கு மருத்துவமனையின் மின்னியல் நோயாளிப் பதிவு முறையை மேம்படுத்தும் பிரிவு பொருந்தும். வாடிக்கையாளர் சேவையில் இருந்தவருக்குக் கணினி உதவிச் சேவைப் பிரிவு முதல் படியாக அமையலாம்.

இவர்கள் யாரும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கவில்லை. பழைய அனுபவத்தின் மேல் ஒரு மாடி கட்டுகிறார்கள். அனுபவம் அனைத்தையும் உதறிவிட்டு இருபது வயதுப் பிள்ளைகளோடு ஓட்டப் பந்தயத்தில் நிற்பதைவிட இது எளிது.

முப்பது நாள் முன்சோதனை

பணம் கட்டுமுன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு. அந்தத் தொழில் நமக்கு ஒத்துவருமா என்று நாமே சோதித்துப் பார்ப்பது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்னும் கணினி அறிமுகப் பாடத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஃப்ரீகோட்கேம்ப் என்ற லாபநோக்கற்ற தளமும் இலவசமாகக் கற்றுத்தருகிறது. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, இரவு உணவுக்குப் பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம், முப்பது நாள் உட்காருங்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் தெரியவரும். ஒன்று, தினமும் உட்கார நேரமும் மனமும் இருக்கிறதா என்பது. வேலை, வீடு, பிள்ளைகள் ஆகியவற்றுக்கிடையே ஒரு மணி நேரமே ஒதுக்க முடியவில்லை என்றால், நாளெல்லாம் வகுப்பும் இரவெல்லாம் வீட்டுப்பாடமுமாக இருக்கும் தீவிரப் பயிற்சி எப்படி முடியும்? இரண்டு, இந்த வேலையின் குணம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது. ஒரு நிறுத்தக்குறி இடம் மாறியதால் நிரல் ஓடாமல் நிற்கும். எங்கே பிழை என்று இரண்டு மணி நேரம் தேட வேண்டியிருக்கும். கண்டுபிடித்தபோது உங்களுக்கு மகிழ்ச்சி வந்தால், தொடருங்கள். வெறுப்பு மட்டுமே மிஞ்சினால், நல்ல வேளை, ஆயிரக்கணக்கான வெள்ளி செலவாகுமுன் தெரிந்தது என்று எண்ணுங்கள். மென்பொருள் எழுதுவது பிடிக்காதவருக்குத் தரவு வேலையோ வடிவமைப்போ பிடிக்கக்கூடும். அதையும் இதேபோல் சோதித்துப் பார்க்கலாம்.

தொண்ணூறு விழுக்காடு என்றால், எத்தனை பேரில்?

இனி, பயிற்சி நிலையங்களின் விளம்பரத்துக்கு வருவோம். "எங்களிடம் படித்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்துள்ளது" என்பது நாம் அடிக்கடி பார்க்கும் வாசகம். இது பொய்யாக இல்லாமலே நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகலாம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு நிலையத்தில் 100 பேர் சேர்கிறார்கள். 25 பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மீதி 75 பேரில் 15 பேர் தொடர்புக்குக் கிடைக்கவில்லை, அல்லது தீவிரமாக வேலை தேடவில்லை என்று நிலையம் அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. எஞ்சியவர் 60 பேர். அவர்களில் 54 பேருக்கு வேலை. 60-இல் 54 என்றால் 90 விழுக்காடு. ஆனால் சேர்ந்தவர்களோ 100 பேர். அவர்களில் வேலை கிடைத்தவர் 54 பேர்தான். அந்த 54 பேரிலும் 14 பேர் பகுதிநேர ஒப்பந்தத்திலோ அதே நிலையத்தில் துணை ஆசிரியராகவோ இருந்தால், முழுநேர வேலை பெற்றவர் 40 பேர். சுவரொட்டியில் 90, உண்மையில் 40.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிளாட்டயர்ன் ஸ்கூல், 98.5 விழுக்காட்டினருக்கு வேலை, சராசரித் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 74,447 அமெரிக்க டாலர் என்று விளம்பரம் செய்தது. நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி அதை ஆராய்ந்தார். வேலை பெற்றோர் கணக்கில் பயிற்சிநிலை ஊழியர்களும் ஒப்பந்த ஊழியர்களும் சொந்தமாகத் தொழில் செய்வோரும் சேர்க்கப்பட்டிருந்தனர். சராசரிச் சம்பளமோ முழுநேர வேலை பெற்றவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டது. அப்படிப்பட்டவர்கள், வகுப்பில் படித்து முடித்தவர்களில் 58 விழுக்காட்டினர், இணையவழி படித்தவர்களில் 39 விழுக்காட்டினர் மட்டுமே. இந்த விவரங்களைத் தெளிவாக வெளியிடாததற்காகவும் உரிமமின்றி நடத்தியதற்காகவும் 2017 அக்டோபரில் அந்நிலையம் 375,000 டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

லாம்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பின்னர் புளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிலையத்தின் கதை இன்னும் கசப்பானது. "இப்போது கட்டணம் வேண்டாம், வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்றது அது. சம்பளத்தில் 17 விழுக்காடு வீதம் 24 தவணை, அல்லது மொத்தம் 30,000 டாலர் வரை என்பது ஒப்பந்தம். வேலை பெறுவோர் 71 முதல் 86 விழுக்காடு என்று விளம்பரம் செய்தது. ஆனால் நிறுவனத்தின் உள்கணக்கில் அது ஏறத்தாழ 50 விழுக்காடாகவும், சில வகுப்புகளில் 30 விழுக்காடாகவும் இருந்ததாக, அமெரிக்காவின் பயனீட்டாளர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் தெரிவித்தது. அந்த ஒப்பந்தமும் கடன்தான் என்று கூறி, பயனீட்டாளர்களுக்குக் கடன் வழங்கும் தொழிலிலிருந்து அந்நிலையத்தை நிரந்தரமாகத் தடை செய்தது. வேலை கிடைத்தால்தான் பணம் என்ற பேச்சைக் கேட்கும்போது, அதுவும் கடன் பத்திரமாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, எந்த விழுக்காட்டைக் கேட்டாலும் நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர்? எத்தனை மாதத்துக்குள் வேலை கிடைத்தது? முழுநேர வேலையா, படித்த துறையிலேயே கிடைத்த வேலையா? என்னைப் போல் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால், அந்த 90 விழுக்காடு உங்களுக்குரியது என்று நம்ப வேண்டாம்.

கட்டணம் சிறிது, காலம் பெரிது

செலவைப் பற்றிப் பார்ப்போம். சிங்கப்பூரர்களுக்கு அரசாங்க உதவி கணிசமாக இருக்கிறது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை 2016-இல், 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 500 வெள்ளியுடன் தொடங்கியது. 2024 மே மாதத்தில், 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்காக மேலும் 4,000 வெள்ளி வழங்கப்பட்டது. வேலை மாறுவோருக்கென்றே 2022-இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொழில் மாற்றத் திட்டத்தில், தகுதி பெறுவோருக்குக் கட்டணத்தில் 95 விழுக்காடு வரை கழிவு உண்டு. 2025 மார்ச்சிலிருந்து, 40 வயதைத் தாண்டியோர் குறிப்பிட்ட முழுநேரப் பயிற்சிகளில் சேர்ந்தால், முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, மாதத்துக்கு அதிகபட்சம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப் படி பெற வழி செய்யப்பட்டது. இவற்றின் விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், சேரும் நாளில் மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த உதவியைப் பார்த்து, ஏறக்குறைய இலவசம்தானே என்று சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். இங்கேதான் கணக்கு தப்புகிறது. உதாரணத்துக்கு, கட்டணம் 12,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு கழிவு போக நீங்கள் கட்டுவது 1,200 வெள்ளி. அதையும் சிறப்புத்தொகையிலிருந்து கட்டிவிடலாம். ஆனால் பயிற்சி நான்கு மாதம், அதன் பின் வேலை தேட ஐந்து மாதம் என்றால் மொத்தம் ஒன்பது மாதம். வீட்டுச் செலவு மாதம் 3,000 வெள்ளி என்றால் 27,000 வெள்ளி வேண்டும். முன்பு மாதம் 4,000 வெள்ளி சம்பாதித்தவருக்கு, பயிற்சிக் காலத்தில் படியாக மாதம் 2,000 வீதம் 8,000 வெள்ளி கிடைக்கலாம். அது போக 19,000 வெள்ளி சேமிப்பிலிருந்தோ வாழ்க்கைத் துணையின் சம்பளத்திலிருந்தோ வரவேண்டும். நீங்கள் எடுக்கும் முடிவின் உண்மையான விலை இந்த 19,000 வெள்ளிதான்.

இந்தத் தொகை கையில் இல்லாதவர் மனம் தளர வேண்டாம். வேலையில் இருந்தபடியே மாலை நேரத்திலும் வார இறுதியிலும் படிக்கும் பகுதிநேரப் பயிற்சிகள் உள்ளன. இன்னொரு வழியும் உண்டு. நிறுவனமே முதலில் உங்களை வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்துப் பயிற்சியளிக்கும் தொழில் மாற்றத் திட்டங்கள் இருக்கின்றன. அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் நிறுவனத்துக்கு ஈடுசெய்கிறது. முதலில் வேலை, பிறகு பயிற்சி என்பதால் குடும்பப் பொறுப்பு உள்ளவர்கள் பூட்கேம்புக்கு முன் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

நேரில் சென்று கேட்க வேண்டியவை

மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில், படித்தவர்கள் தந்த மதிப்பீட்டு நட்சத்திரங்களைக் காணலாம். பயிற்சி முடிந்ததும் ஒரு கருத்தாய்வு, சில மாதம் கழித்துப் பயன் பற்றி இன்னொரு கருத்தாய்வு என இரண்டையும் வைத்துத் தருகிறார்கள். இரண்டாவது மதிப்பீட்டை அதிகம் கவனியுங்கள். அதோடு நின்றுவிடாமல், நிலையத்துக்கு நேரில் சென்று இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, பாடம் நடத்துபவர் யார்? அவர் கடைசியாக எப்போது அந்தத் துறையில் வேலை பார்த்தார்? முந்தைய வகுப்பில் படித்துவிட்டு உடனே ஆசிரியராக நிற்பவரா?

இரண்டாவது, ஒரு வகுப்பில் எத்தனை பேர்? புரியாதபோது தனியாகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது, பாடத்திட்டம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது? செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? அந்தக் கருவி எழுதித்தரும் நிரலைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கக் கற்றுத்தருகிறார்களா?

நான்காவது, எல்லாரும் ஒரே மாதிரிச் செயல்திட்டத்தைச் செய்கிறார்களா, அவரவர் தொழிலுக்கேற்பச் செய்யலாமா? நேர்காணலில் முதலாளி பார்ப்பது அதைத்தான். நாற்பது பேர் ஒரே செயலியைக் காட்டினால் யாருக்கும் மதிப்பில்லை. பழைய கிடங்கில் சரக்கு தேங்கிய பிரச்சினைக்கு நீங்களே ஒரு தீர்வு செய்து காட்டினால், முதலாளி நிமிர்ந்து உட்காருவார்.

ஐந்தாவது, சான்றிதழ்த் தேர்வுக் கட்டணம் இதில் அடங்குமா? கம்ப்டியா, சிஸ்கோ, அமேசான் ஆகிய நிறுவனங்களின் சான்றிதழ்களுக்குத் தனித் தேர்வு உண்டு. பயிற்சி நிலையம் தரும் பங்கேற்புச் சான்றிதழும் அதுவும் ஒன்றல்ல.

ஆறாவது, இடையில் நின்றால் பணம் திரும்புமா, கழிவுத் தொகையை நாம் திருப்பிக் கட்ட வேண்டிவருமா? இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, சென்ற ஆண்டு முடித்தவர்கள் இருவருடன் பேச விரும்புவதாகச் சொல்லுங்கள். நிலையம் கைகாட்டும் இருவரோடு, லிங்க்ட்இன் தளத்தில் நீங்களே தேடிக் கண்டுபிடிக்கும் இருவரையும் கேளுங்கள். வேலை எப்படிக் கிடைத்தது என்று மரியாதையாகக் கேட்டால், பலர் மனமுவந்து சொல்வார்கள்.

அவசரப்படுத்துவோரிடம் எச்சரிக்கை தேவை. இன்றைக்கே சேர்ந்தால் சலுகை, இல்லாவிட்டால் உங்கள் சிறப்புத்தொகை வீணாகிவிடும் என்று சிலர் கூறக்கூடும். 2020-இல் கூடுதலாகத் தரப்பட்ட தொகைக்கு 2025 டிசம்பர் 31 என்று காலவரம்பு வைக்கப்பட்டது உண்மை. ஆனால் 2024-இல் தரப்பட்ட 4,000 வெள்ளிக்கு அத்தகைய காலவரம்பு வைக்கப்படவில்லை. அரசாங்க நிதியுதவி பெறும் பயிற்சிகளை வெளி முகவர்களைக் கொண்டு விற்பதற்கும் 2024 டிசம்பர் 1 முதல் தடை உள்ளது. யார் கேட்டாலும் உங்கள் சிங்பாஸ் விவரங்களைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத் தகராறு ஏற்பட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, இரண்டு ஆண்டுக்குள், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திலும் தொடுக்கலாம்.

நேயர் கேள்விகள்

"வணக்கம் ஐயா. எனக்கு 52 வயது. இந்த வயதில் மூளை ஏற்குமா?" என்று ஒரு நேயர் கேட்டார். ஏற்கும் ஐயா. வேகம் சற்றுக் குறையலாம். ஆகவே முழுநேரத் தீவிரப் பயிற்சியைவிட, நீண்ட காலப் பகுதிநேரப் பயிற்சி உங்களுக்கு ஏற்றதாக இருக்கலாம். புதியவரோடு போட்டியிடும் வேலையை விட்டு, உங்கள் முப்பதாண்டு அனுபவம் கணக்கில் வரும் வேலையைக் குறிவையுங்கள். இன்றைய நிறுவனத்திலேயே வேறு பிரிவுக்கு மாற வாய்ப்பிருக்கிறதா என்றும் மேலாளரிடம் கேளுங்கள். உங்களை ஏற்கெனவே அறிந்த முதலாளி, வெளியாரைவிட எளிதாக வாய்ப்புக் கொடுப்பார்.

"சம்பளம் குறைந்தால் ஏற்றுக்கொள்ளலாமா?" என்று ஓர் அம்மையார் கேட்டார். முதல் வேலையில் சம்பளம் குறைவது இயல்புதான் அம்மா. எவ்வளவு குறைந்தால் வீடு தாங்கும், எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து, பயிற்சியில் சேருமுன் பேசிவிடுங்கள். சேர்ந்த பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

"செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடும் என்கிறார்களே, பிறகு ஏன் படிக்க வேண்டும்?" என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நிரல் எழுதுவது எளிதாகிவருகிறது. எதை எழுத வேண்டும், எழுதியது சரியா, தவறினால் யாருக்கு நட்டம் என்று சொல்லத் தொழில் தெரிந்தவர் வேண்டும். நிரலின் வரிகளை மனப்பாடம் செய்யவைக்கும் பயிற்சியைத் தவிர்த்து, பிரச்சினையைப் பிரித்துப் பார்க்கவும் விடையைச் சோதிக்கவும் கற்றுத்தரும் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆற்றைக் கடக்கவே கூடாது என்பது அதன் பொருளல்ல. கோலை ஊன்றி ஆழம் பார்த்துவிட்டு இறங்கு என்பதுதான். முப்பது விளம்பரம், முப்பது நாள் முன்சோதனை, ஒன்பது மாத வீட்டுக் கணக்கு ஆகிய மூன்றையும் செய்து பார்த்த பிறகு எந்த நிலையத்தின் படிவத்தில் கையெழுத்திட்டாலும், அது நீங்கள் யோசித்து எடுத்த முடிவாக இருக்கும். இந்த வார இறுதியிலேயே அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குங்கள்.